முதற் கல்லை எறிபவர் யார்?

2015 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் இலங்கையை உலுக்கிய செய்தி ஒன்று வெளியாயிற்று. சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்துவந்த, மணமான இலங்கைப் பெண் ஒருவருக்கு, மணவுறவுக்குப் புறம்பான உறவு கொண்டார் என்ற குற்றத்துக்காகக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அவருடன் சேர்த்துக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆணும் இலங்கையரே. ஆனால் மணமாகாதவர் என்பதால் அவருக்கு 100 கசையடிகள் மட்டுமே விதிக்கப்பட்டன. தீர்ப்பு அவ்வாண்டு ஒகஸ்ட் மாதத்திலேயே வழங்கப்பட்டுவிட்டது. அது நாட்டுக்குத் தெரியவந்ததோ மாதங்கள் சில கழிந்த பின்னர்தான்.

அந்த நாட்களில் எமது மேசைக்கு வந்த வாசகர் கடிதங்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றன. இது ஒரு குறிப்பிட்ட மதத்தின் கொடூரம் என்றது ஓர் அணி. இது இறைவனின் சட்டம், மனிதர் இதில் வாய் திறக்கலாகாது என்றது மற்றைய அணி. ஒன்றையொன்று வெறுத்த இவ்விரு அணிகளுக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று இருந்தது. பழைய வேதங்களில் எழுதப்பட்டவாறே இத்தண்டனை அன்று தொட்டு இன்றுவரை இடையறாது நடைபெற்று வருகின்றது என்பதே அந்த நம்பிக்கை.

வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவர்களுக்கு வேறொரு சித்திரம் கிடைக்கும். வேதங்களில் இத்தண்டனை இருப்பது உண்மை. அதே அளவுக்கு உண்மையான இன்னொன்றும் உண்டு. அந்த வேதங்களும் அவற்றுக்கு விளக்கம் எழுதிய சட்ட அறிஞர்களும் இத்தண்டனையைச் சுற்றி உயரமான வேலிகளை எழுப்பியிருந்தார்கள். நமது காலத்தில் இத்தண்டனைக்கு உயிர் கொடுத்தவர்களோ வேதத்திலிருந்து கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இக்கட்டுரை அந்த வேலியைப் பற்றியது.

கொலையாளி இல்லாத கொலை

கல்லெறிந்து கொல்வது எந்த ஒரு மதமும் கண்டுபிடித்த வழக்கமன்று. பண்டைய கிரேக்கர் மத்தியிலும் அது இருந்தது. கி.மு. 479 இல் பாரசீகப் படை அதென்ஸ் நகரைக் கைப்பற்றியிருந்தது. நகர மக்கள் சலாமிஸ் தீவில் தஞ்சமடைந்திருந்தனர். பாரசீகத் தளபதி அனுப்பிய சமாதான யோசனையை ஏற்கலாம் என்று ஆலோசனைச் சபை உறுப்பினரான லிக்கிதஸ் என்பவர் கூறினார். சபையிலிருந்தோரும் வெளியில் நின்றோரும் அவரைச் சூழ்ந்து கல்லெறிந்து கொன்றார்கள். இதையறிந்த அதென்ஸ் பெண்கள் அவரது இருப்பிடத்துக்குச் சென்று அவரது மனைவியையும் பிள்ளைகளையும் அவ்வாறே கொன்றார்கள். இதனைப் பதிவு செய்திருப்பவர் வரலாற்றின் தந்தை எனப்படும் ஹெரோடோட்டஸ்.

கல்லெறிதலின் இயல்பு இந்த நிகழ்வில் தெளிவாகத் தெரிகின்றது. வாளால் வெட்டினால் வெட்டியவர் யாரென்று தெரியும். கல்லெறிந்தால் உயிரைப் பறித்த கல் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தொழில்முறைக் கொலையாளி தேவையில்லை, ஆயுதம் தேவையில்லை. ஊரே சேர்ந்து கொல்கின்றது, ஆகவே ஊரில் எவரும் கொலையாளி ஆவதில்லை. பழிக்குப் பழி வாங்கும் குலங்கள் வாழ்ந்த உலகில் இது பெரிய வசதி. கொல்லப்பட்டவரின் உறவினர் பழிதீர்க்க ஒரு தனிமனிதரைத் தேட முடியாது.

பொறுப்பு எல்லோரிடமும் பரவிக் கரைந்துபோகும் இந்த வசதிதான் இத்தண்டனையின் ஆபத்தும் ஆகும். மத சட்டங்கள் இதனைக் கைக்கொண்டபோது முதலில் செய்ய முயன்றது, கரைந்துபோன அந்தப் பொறுப்பை மீண்டும் ஒருவர் கையில் ஒப்படைப்பதேயாகும்.

மோசேயின் சட்டம்

யூதரின் தோரா என்றும் கிறிஸ்தவரின் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்கள் என்றும் அறியப்படும் சட்டத் தொகுதியில் கல்லெறிந்து கொல்லப்பட வேண்டிய குற்றங்கள் பல உள்ளன. வேறு தெய்வங்களை வழிபடத் தூண்டுதல், இறைவனைப் பழித்தல், ஓய்வுநாளை மீறுதல், பெற்றோருக்கு அடங்காத மகனாயிருத்தல் என்று அந்தப் பட்டியல் நீளும். மணநிச்சயம் செய்யப்பட்ட பெண்ணும் அவளுடன் இணைந்த ஆணும் என்றால் இருவருமே கல்லெறிந்து கொல்லப்பட வேண்டியவர்கள். மனிதரை முட்டிக் கொன்ற மாட்டுக்கும் இதே தண்டனைதான்.

பட்டியலைக் காட்டி அதிர்ச்சியூட்டுவோர் பெரும்பாலும் அதே உபாகமத்தின் (இணைச்சட்டம்) 17 ஆம் அதிகாரத்தைத் தாண்டிச் சென்றுவிடுகின்றார்கள். ஒரே சாட்சியின் வார்த்தையைக் கொண்டு எவரையும் கொல்லக் கூடாது, இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும் என்கின்றது அது. அத்துடன், சாட்சி சொன்னவர்களின் கையே முதலில் அவர்மீது படவேண்டும், மற்ற மக்களின் கை அதன் பிறகுதான் என்றும் விதிக்கின்றது. 19 ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. பொய்ச்சாட்சி சொன்னவர், தான் மற்றவருக்கு நேரவேண்டுமென்று கருதிய அதே தண்டனையைத் தானே அனுபவிக்க வேண்டும்.

இவ்விதிகளின் பொருள் ஆழமானது. குற்றஞ்சாட்டுவது வாயளவில் முடிந்துபோகும் காரியமாக இருக்கக் கூடாது. உன் சொல்லால் ஒருவர் சாகப்போகிறார் என்றால் அந்தச் சாவை உன் கையாலேயே தொடங்கு என்று சட்டம் சாட்சியிடம் சொல்கின்றது. கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள அவருக்கு இடமில்லை.

இந்த வேலியையும் தாண்ட முடியும் என்பதை அறிந்தவர்களே அந்நூல்களை எழுதினார்கள். அரசர் நூலில் வரும் நாபோத்தின் கதையை வாசகர்கள் அறிந்திருக்கலாம். அரசன் ஆகாப் விரும்பிய திராட்சைத் தோட்டத்தை விற்க மறுத்தவன் நாபோத். அரசி யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு செய்கின்றாள். அவன் கடவுளையும் அரசனையும் பழித்தான் என்று அவர்கள் சொல்ல, ஊர்ப் பெரியவர்கள் அவனை வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொல்கின்றார்கள். சட்டம் கேட்ட எண்ணிக்கையில் சாட்சிகள் இருந்தார்கள், நீதி இருக்கவில்லை. அதிகாரம் உள்ளவர் கையில் சட்டத்தின் சடங்குகள் எப்படிப் பயன்படும் என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

ரபிமார் எழுப்பிய வேலி

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத சட்ட நூல், கல்லெறி தண்டனை எவ்வாறு நிறைவேற்றப்பட வேண்டும் என்பதை விரிவாகச் சொல்கின்றது. உயிர்த்தண்டனை வழக்கை 23 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். விடுதலை செய்ய ஒரு வாக்குப் பெரும்பான்மை போதும்; தண்டிக்க இரண்டு வாக்குப் பெரும்பான்மை வேண்டும். விடுதலைத் தீர்ப்பை அன்றே வழங்கலாம். தண்டனைத் தீர்ப்புக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

தண்டனைக்காக ஒருவர் கொண்டு செல்லப்படும்போது நீதிமன்ற வாசலில் ஒருவர் கையில் துணியுடன் நிற்பார். அவரைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்தபடி இன்னொருவர் குதிரையில் காத்திருப்பார். விடுதலைக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்ல எவராவது முன்வந்தால் துணி அசைக்கப்படும். குதிரை பாய்ந்து சென்று ஊர்வலத்தை நிறுத்தும். தண்டிக்கப்பட்டவரே தனக்காக வாதம் ஒன்று இருப்பதாகச் சொன்னால், அதில் பொருள் இருக்குமாயின், நான்கைந்து தடவைகள் கூட அவரைத் திருப்பி அழைத்து வரவேண்டும். அறிவிப்பாளர் ஒருவர் குற்றவாளியின் பெயரையும் குற்றத்தையும் மட்டுமன்றிச் சாட்சிகளின் பெயர்களையும் உரத்துக் கூவிக்கொண்டு முன்னே செல்வார். தண்டனை இடத்தில் உயரமான மேடையிலிருந்து அவரைத் தள்ளுபவர் முதலாம் சாட்சி. உயிர் பிரியாவிடின் கல்லைப் போடுபவர் இரண்டாம் சாட்சி. அதன் பின்னர்தான் மக்கள்.

இவற்றைவிட முக்கியமான இரண்டு விதிகளை ரபிமார் வகுத்தனர். குற்றம் புரிவதற்குச் சற்று முன்னர், இது குற்றம், இதற்கு இன்ன தண்டனை என்று சாட்சிகள் அவரை எச்சரித்திருக்க வேண்டும். இரண்டாவது, உயிர்த்தண்டனை வழக்கில் குற்றவாளியின் சொந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. எவரும் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்ள முடியாது என்பது யூத சட்டத்தின் கோட்பாடு. இந்த இரண்டாவது விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவும்.

ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை உயிர்த்தண்டனை வழங்கும் நீதிமன்றத்தைக் கொலைகார நீதிமன்றம் என்று அழைப்பர் என்கின்றது மிஷ்னா. எழுபது ஆண்டுகளுக்கு ஒரு தடவை என்றாலும் அப்படித்தான் என்றார் ஒரு ரபி. தாங்கள் அங்கு இருந்திருந்தால் எவருமே கொல்லப்பட்டிருக்க மாட்டார் என்றனர் ரபி தர்போனும் ரபி அக்கிபாவும். அப்படியானால் கொலைகாரர்கள் பெருகிவிடுவார்களே என்று மறுத்தார் சிமியோன் பென் கமாலியேல். உயிர்த்தண்டனை குறித்து இன்று எமது பாராளுமன்றங்களில் நடக்கும் விவாதம் முழுவதும் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றது. அடங்காத மகனுக்கான தண்டனை குறித்துத் தல்மூத் இன்னும் வெளிப்படையாகவே பேசுகின்றது. அப்படியொருவன் தண்டிக்கப்பட்டதும் இல்லை, தண்டிக்கப்படப் போவதும் இல்லை என்ற கருத்து அதில் பதிவாகியுள்ளது. வேதத்தின் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அதன் கொடுமையை நடைமுறையில் இல்லாமற் செய்துவிட்டார்கள் அந்த அறிஞர்கள்.

மணலில் எழுதியவர்

யோவான் நற்செய்தியின் 8 ஆம் அதிகாரக் காட்சி உலகறிந்தது. விபசாரத்தில் பிடிபட்டதாகச் சொல்லி ஒரு பெண்ணை இயேசுவிடம் கொண்டு வருகின்றார்கள். உங்களுள் பாவமில்லாதவர் தொடங்கட்டும் என்று அவர் சொல்ல, முதியவர் தொடக்கம் ஒவ்வொருவராகக் கலைந்து செல்கின்றார்கள். இப்பகுதி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. பிற்காலத்தில் நற்செய்தியில் சேர்ந்தது என்பதே ஆய்வாளர் பலரின் முடிபு. கதை அதைவிடப் பழையதாக இருக்கலாம் என்போரும் அவர்களுள் உளர்.

இக்காட்சியை வெறும் கருணைக் கதையாக வாசிப்பதே வழக்கம். முன்னர் சொன்ன உபாகம விதியை அறிந்தவர் அதில் வேறொன்றையும் காண்பார். முதற் கல் சாட்சியின் கையிலிருந்தே புறப்பட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். இயேசு அச்சட்டத்தை மறுக்கவில்லை. சாட்சி யார், அவர் தகுதி என்ன என்று கேட்கின்றார். கையும் மெய்யுமாகப் பிடிபட்டாள் என்கின்றார்களே, அப்படியானால் அந்த ஆண் எங்கே என்ற கேள்வியும் அங்கே சொல்லப்படாமல் நிற்கின்றது. சட்டம் இருவரையும் அல்லவா கேட்கின்றது?

அந்தப் பெண் தப்பினார். தப்பாதவர்களும் இருந்தனர். திருத்தூதர் பணியில் வரும் ஸ்தேவான் கல்லெறிந்து கொல்லப்பட்டார். சாட்சிகள் தமது மேலாடைகளைக் கழற்றிச் சவுல் என்ற இளைஞனின் காலடியில் வைத்தார்கள் என்று அந்நூல் குறிப்பிடுகின்றது. அங்கும் முதலில் எறிந்தவர்கள் சாட்சிகளே. அந்த இளைஞன்தான் பின்னாளில் பவுல் ஆனவர். கி.பி. 62 இல், உரோம ஆளுநர் பதவி வெற்றிடமாக இருந்த வேளை பார்த்து, தலைமைக் குரு அனனஸ் இயேசுவின் சகோதரரான யாக்கோபைக் கல்லெறிந்து கொல்வித்தார். சட்டத்தை நுணுக்கமாகப் பேணிய யூதர்களே இதனை எதிர்த்து முறையிட்டார்கள் என்றும் அனனஸ் பதவி இழந்தார் என்றும் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதுகின்றார்.

நான்கு சாட்சிகள்

இனி இஸ்லாமியச் சட்டத்துக்கு வருவோம். கல்லெறி தண்டனை திருக்குர்ஆனில் இல்லை என்ற செய்தி, முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்கு மட்டுமன்றி முஸ்லிம் வாசகர் சிலருக்கும் வியப்பளிக்கக் கூடும். 24 ஆவது அத்தியாயமான அந்நூர், ஸினா என்னும் குற்றத்துக்கு 100 கசையடிகளை விதிக்கின்றது. கல்லெறி தண்டனை, அதாவது ரஜ்ம், ஹதீஸ்கள் வழியே சட்டத்தினுள் வருகின்றது. மணமானவருக்கு ரஜ்ம், மணமாகாதவருக்குக் கசையடி என்று சட்டப் பள்ளிகள் பிரித்தன. ரஜ்ம் பற்றிய வசனம் முன்னர் ஓதப்பட்டு வந்தது என்று கலீபா உமர் கூறியதாகவும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. காரிஜிகளுள் ஒரு பிரிவினர் ஆரம்ப காலத்திலேயே ரஜ்மை ஏற்க மறுத்தனர். மணமான அடிமைப் பெண்ணுக்குப் பாதித் தண்டனை என்று குர்ஆன் சொல்கின்றது, மரணத்தை எவ்வாறு பாதியாக்குவது என்ற வாதமும் பழையதே.

தண்டனையின் தோற்றம் பற்றிய கருத்து வேறுபாடு எவ்வாறிருப்பினும், வேலி குர்ஆனிலேயே இருக்கின்றது. ஒரு பெண்மீது குற்றஞ்சுமத்துபவர் நான்கு சாட்சிகளைக் கொண்டு வரவேண்டும். கொண்டு வராவிடின் குற்றஞ்சாட்டியவருக்கே 80 கசையடிகள். அதன் பின்னர் அவரது சாட்சியம் என்றைக்கும் ஏற்கப்படாது. நபிகள் நாயகத்தின் துணைவியார் ஆயிஷா மீது எழுந்த அவதூறைக் கண்டிப்பனவாகவே அதே அத்தியாயத்தின் தொடரும் வசனங்களை மரபு விளக்குகின்றது. அதாவது, நான்கு சாட்சி விதி பெண்ணைத் தண்டிப்பதற்கான வழியாக அன்றி, அவதூறிலிருந்து அவளைக் காக்கும் அரணாகவே அங்கு நிற்கின்றது.

சட்ட அறிஞர்கள் அந்த அரணை மேலும் உயர்த்தினர். மைக்கூட்டுக்குள் மைக்கோல் நுழைவதைக் காண்பதுபோல் நால்வரும் நேரிற் கண்டிருக்க வேண்டும். பஸ்ராவின் ஆளுநராயிருந்த முகீரா மீது கலீபா உமர் காலத்தில் இக்குற்றம் சாட்டப்பட்டபோது நான்கு சாட்சிகள் வந்தனர். மூவர் உறுதியாகச் சொன்னார்கள். நான்காமவர் தான் கண்டதை அவ்வளவு திட்டவட்டமாகச் சொல்லவில்லை. ஆளுநர் தப்பினார், மூன்று சாட்சிகளும் கசையடி பெற்றார்கள்.

ஒப்புதல் வாக்குமூலம் இஸ்லாமியச் சட்டத்தில் ஏற்கப்பட்டது. அதற்கும் வேலி இருந்தது. மாயிஸ் என்பவர் நபிகள் நாயகத்திடம் வந்து தன் குற்றத்தைச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கின்றது ஹதீஸ். நான்கு தடவைகள் அவர் வலியுறுத்திய பின்னரும் அவருக்குச் சித்தம் சரியாக உள்ளதா, மது அருந்தியிருக்கின்றாரா என்று விசாரிக்கப்பட்டது. கற்கள் விழத் தொடங்கியதும் மாயிஸ் ஓடினார். துரத்திச் சென்று கொன்றார்கள். இதையறிந்த நபிகள், அவரை ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்டதாக மரபு சொல்கின்றது. தன் ஒப்புதலை ஒருவர் கடைசிக் கணத்திலும் மீளப் பெறலாம் என்ற விதியைச் சட்ட அறிஞர்கள் இதிலிருந்தே வகுத்தனர். சந்தேகம் இருப்பின் இத்தகைய தண்டனைகளைத் தவிர்த்து விடுங்கள் என்பது எல்லாப் பள்ளிகளும் அறிந்த சட்ட முதுமொழி. ஹனபி பள்ளியில் மோசேயின் அதே விதி மீண்டும் வருகின்றது. சாட்சிகள்தான் முதலில் எறிய வேண்டும். அவர்கள் மறுத்தால் தண்டனை கைவிடப்படும்.

நடைமுறையில் என்ன நடந்தது? ஓட்டோமான் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லில் 1680 ஆம் ஆண்டு, நான்காம் மெஹ்மட் சுல்தானின் ஆட்சியில், ஒரு பெண் பகிரங்கமாகக் கல்லெறிந்து கொல்லப்பட்டார். அக்கால வரலாற்றெழுத்தாளர்களே அதை இதுவரை கண்டிராத நிகழ்வாகக் குறித்து வைத்தார்கள். இத்தகைய குற்றங்களுக்கு அப்பேரரசின் சட்டக் கோவைகள் பெரும்பாலும் தண்டப்பணத்தையே அறவிட்டன. பல நூற்றாண்டுகள் நிலைத்த பேரரசு ஒன்றின் தலைநகரில், ஒற்றை நிகழ்வு ஒன்று பேசுபொருளாகும் அளவுக்கு அத்தண்டனை அரிதாயிருந்தது.

கல் திரும்பி வந்த காலம்

கல்லெறி தண்டனை மீண்டும் உலகச் செய்தியானது 1979 இற்குப் பின்னர்தான். அவ்வாண்டு பாகிஸ்தானில் ஜெனரல் சியா உல் ஹக் ஹுதூத் கட்டளைச் சட்டங்களைப் பிறப்பித்தார். 1981 இல் அந்நாட்டின் ஷரீஅத் நீதிமன்றம், ரஜ்ம் இஸ்லாத்துக்கு முரணானது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. ஜெனரல் நீதிமன்றத்தின் அமைப்பை மாற்றினார். மறுஆண்டே தீர்ப்பும் மாறியது. வேலியை யார் பிடுங்கினார்கள் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. எனினும் பாகிஸ்தானில் நீதிமன்றத் தீர்ப்பின்படி எவரும் இன்றுவரை கல்லெறிந்து கொல்லப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஈரானில் புரட்சிக்குப் பின் இத்தண்டனை சட்டக் கோவையில் ஏறியது. ஓரிரு கற்களில் உயிர் போய்விடும் அளவுக்குக் கல் பெரிதாக இருக்கக் கூடாது, கல் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறிதாகவும் இருக்கக் கூடாது என்று அச்சட்டம் அளவு சொன்னது. சாட்சிகளைக் கொண்டு குற்றம் நிரூபிக்கப்பட்டால் முதற் கல் சாட்சிகளுடையது. ஒப்புதலால் நிரூபிக்கப்பட்டால் நீதிபதியுடையது என்ற விதியும் அதில் இருந்தது. நான்கு சாட்சிகளைத் தேடுவது கடினம். ஆகவே நீதிபதியின் அறிவு என்ற வழி பயன்பட்டது. தன்னிடம் உள்ள சான்றுகளின் அடிப்படையில் குற்றம் நடந்தது என்று நீதிபதி நம்பினால் போதும். தப்ரீஸ் சிறையிலிருந்த பெண்ணொருவருக்கு 2006 இல் ஐந்து நீதிபதிகளுள் மூவர் இந்த அடிப்படையிலேயே கல்லெறி தண்டனை விதித்தனர். 2010 இல் உலகெங்கும் எழுந்த குரலால் அது நிறுத்தப்பட்டது. 2014 இல் அவர் விடுதலையானார். 2002 இல் தலைமை நீதியரசர் இத்தண்டனையை இடைநிறுத்தச் சொன்ன பின்னரும், 2007 இல் கஸ்வீன் மாகாணத்தில் ஓர் ஆண் கல்லெறிந்து கொல்லப்பட்டார். 2013 இன் புதிய சட்டம் கல்லெறி தண்டனையை நீக்கவில்லை. வேறு தண்டனையாக மாற்ற இடமளித்தது.

வட நைஜீரியாவில் கருவே சாட்சியாயிற்று. மாலிகி பள்ளியின் ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டு, கணவரின்றிக் கருவுற்ற பெண்கள் இருவருக்கு 2001, 2002 ஆம் ஆண்டுகளில் கீழ் நீதிமன்றங்கள் இத்தண்டனையை விதித்தன. அவர்களுள் ஒருவரின் வழக்கில், குழந்தைக்குத் தந்தை எனச் சொல்லப்பட்டவர் மறுத்துச் சத்தியம் செய்துவிட்டு வீடு சென்றார். இருவரும் மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களைக் காத்தது மேலைநாட்டுச் சட்டம் என்று நினைப்பவர்கள் தவறு செய்கின்றார்கள். ஹவ்வா இப்ராஹிம் உள்ளிட்ட சட்டத்தரணிகள் இஸ்லாமியச் சட்ட நூல்களிலிருந்தே வாதாடினார்கள். ஒப்புதல் மீளப் பெறப்பட்டுவிட்டது, கரு மட்டும் சான்றாகாது என்று ஷரீஆ மேன்முறையீட்டு நீதிமன்றமே 2003 இல் தீர்ப்பளித்தது. பழைய வேலி அங்கு தன் வேலையைச் செய்தது.

வேலி முற்றாக இல்லாத இடத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2008 ஒக்டோபரில் சோமாலியாவின் கிஸ்மாயோ நகரில், அல் ஷபாப் இயக்கத்தின் கட்டுப்பாட்டில், ஒரு பெண் விளையாட்டரங்கில் புதைக்கப்பட்டுக் கல்லெறிந்து கொல்லப்பட்டார். அவருக்கு வயது 23 என்று முதற் செய்திகள் கூறின. சர்வதேச மன்னிப்புச் சபை விசாரித்தபோது அவர் 13 வயதுச் சிறுமி என்றும், மூவர் தன்னை வல்லுறவு செய்தனர் என்று முறையிடச் சென்றவர் என்றும் தெரியவந்தது. கற்கள் லொறியில் கொண்டுவரப்பட்டிருந்தன. அவளைக் காப்பாற்ற ஓடியவர்களை நோக்கித் துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டதில் சிறுவன் ஒருவனும் இறந்தான். முறையிட்டவளே குற்றவாளியாக்கப்பட்டாள். எந்த வேதத்தின் எந்த விதியும் இதற்கு இடமளிக்கவில்லை.

ஒப்புதல் என்னும் கதவு

எமது நாட்டுப் பெண்ணின் வழக்குக்குத் திரும்புவோம். நான்கு சாட்சிகள் எவரும் அவர்மீது சாட்சி சொன்னதாகச் செய்தி இல்லை. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதே அடிப்படை. வேற்று மொழியில் நடக்கும் வழக்கு. தொலைவில் உறவுகள். கடவுச்சீட்டும் வேலை அனுமதியும் பிறர் தயவில். இந்நிலையில் ஒரு வீட்டுப் பணிப்பெண் சொல்லும் ஒப்புதல், மாயிஸ் தானாக வந்து நான்கு தடவைகள் சொன்ன ஒப்புதலுக்கு நிகராகுமா? 2013 ஜனவரியில் அதே நாட்டில் வாளுக்குப் பலியான எமது மூதூர் இளம்பெண்ணின் வழக்கிலும் ஒப்புதல் வாக்குமூலமே பிரதானமாயிருந்தது. தகுந்த மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பெறப்பட்ட அந்த வாக்குமூலத்தை அவர் பின்னர் மறுத்தார். ஆயினும் தலை தப்பவில்லை. ரபிமார் ஒப்புதலை ஏன் அடியோடு விலக்கினார்கள் என்பது இத்தகைய வழக்குகளைப் பார்க்கும்போதுதான் முழுமையாக விளங்குகின்றது.

நல்வாய்ப்பாக 2015 இன் வழக்கு வேறு விதமாக முடிந்தது. இலங்கை அரசு முறையிட்டது; வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டது. 2016 ஜனவரியில் தண்டனை மூன்றாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே 2015 ஒக்டோபரில் அயல்நாடான மாலைதீவில் தீவு நீதிமன்றம் ஒன்று ஒரு பெண்ணுக்கு இத்தண்டனையை விதித்தது. அந்நாட்டு உயர்நீதிமன்றம் அதை உடனடியாக இரத்துச் செய்தது. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாண சபை 2009 இல் நிறைவேற்றிய கல்லெறி சட்டத்தில் ஆளுநர் கையொப்பமிட மறுத்தார். 2014 இன் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. புருனே 2019 ஏப்ரலில் இத்தண்டனையை நடைமுறைக்குக் கொண்டுவந்து, எதிர்ப்புகளின் பின் மே மாதத்தில் உயிர்த்தண்டனையை நிறைவேற்றப் போவதில்லை என்று அறிவித்தது. மறுபுறம், 2024 மார்ச்சில் ஒலிபரப்பான தலிபான் தலைவரின் உரையொன்று பெண்களைப் பகிரங்கமாகக் கல்லெறிவோம் என்று உரத்துச் சொன்னது. வரலாறு ஒரே திசையில் நடப்பதில்லை.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, நாம் அவர்களைவிட மேலானவர்கள் என்று எண்ணிக்கொள்ள எமக்கும் இடமில்லை. இலங்கையில் 1976 இற்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்குத்தண்டனை மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றது. 2019 இல் அதை மீண்டும் நிறைவேற்ற அப்போதைய ஜனாதிபதி முனைந்தபோது கைதட்டியவர்கள் எமது நாட்டில் குறைவில்லை. உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடைதான் கயிற்றை நிறுத்தியது. பிறருடைய கல்லைக் கண்டு முகஞ்சுழிக்கும் நாம் எமது கயிற்றைப் பற்றி என்ன சொல்கின்றோம்?

உயிரைப் பறிக்கும் சட்டம் எதுவாயினும் அதன் முன் வைக்க வேண்டிய கேள்வியை மோசேயின் சட்டமே வைத்துவிட்டது. குற்றஞ்சாட்டியவர் யார்? அவர் நேரிற் கண்டாரா? தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்று முதற் கல்லைத் தன் கையால் எறிய முன்வருவாரா? இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காத இடத்தில், கூட்டத்தின் கையில் கல்லைக் கொடுப்பவர் எந்த வேதத்தின் பெயரைச் சொன்னாலும் அது அந்த வேதத்தின் சட்டமாகாது.